மரம் அறுத்த பின் மிஞ்சுவது யாருக்கு?

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை, செங்கோட்டைக்கு அருகில் சிறியதொரு மர அறுவை ஆலை நடத்திவரும் என் தம்பி தொலைபேசியில் அழைத்தான். ஆலையின் பின்புறம் பல மாதங்களாகக் குவிந்து கிடந்த மரத்தூள், யாரும் தீ வைக்காமலேயே உள்ளுக்குள் கனன்று புகையத் தொடங்கியிருந்தது. ஈரமான மரத்தூளைப் பெருங்குவியலாக விட்டுவைத்தால் நுண்ணுயிர்களின் செயல்பாட்டால் உள்ளே வெப்பம் ஏறும். அது வெளியேற வழியில்லாதபோது குவியல் தானாகவே கனலும். இரண்டு லாரித் தண்ணீர் ஊற்றியும் புகை அடங்கவில்லை. அருகிலிருந்த பள்ளிக்கூடத்திலிருந்து புகார் போனது. பதினைந்து நாள்களுக்குள் குவியலை அகற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. "தூள எங்கண்ணே கொண்டுபோய்க் கொட்ட?" என்பதுதான் அவன் கேள்வி.

அதே வாரத்தில் அவனைத் தேடி ஒரு முகவர் வந்தார். மரத்தூளை இயந்திரத்தில் அழுத்தி, கொதிகலன்களுக்கான எரிகட்டிகளாக மாற்றும் ஆலை ஒன்றின் சார்பில் வந்தவர். தூள் மட்டுமல்ல, ஓரப் பலகை, துண்டுக் கட்டை, இழைப்புச் சுருள் என அனைத்தையும் டன் கணக்கில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை: ஓராண்டு ஒப்பந்தம், அதுவரை வேறு எவருக்கும் ஒரு சாக்குகூடக் கொடுக்கக் கூடாது.

பார்த்த மாத்திரத்தில் இது நல்ல தீர்வாகவே தோன்றும். குப்பையாகக் கிடந்தது காசாகிறது; புகை நிற்கிறது; எங்கோ ஒரு கொதிகலனில் நிலக்கரியின் இடத்தைத் தாவரம் பிடிக்கிறது. ஆனால் என் தம்பி தயங்கினான். அவன் தயக்கத்துக்கு இருந்த காரணமே இக்கட்டுரைக்கும் காரணம். உறவு பற்றிய சார்பு எனக்கு இதில் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனினும், இது ஓர் ஆலையின் பிரச்சினை அன்று. தமிழ்நாட்டில் மரம் அறுபடும் ஊர்கள் எல்லாவற்றுக்கும் உரியது.

ஒரு தடியின் கணக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஆரியங்காவு கணவாயின் வாசலில் இருக்கும் செங்கோட்டை, 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும்வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்தது. 1904-இல் கொல்லத்துக்கான ரயில் பாதை திறக்கப்பட்டது. மலையும் ரயிலும் அருகருகே இருந்த ஊரில் மரத்தொழில் வேரூன்றியதில் வியப்பில்லை. இன்று நிலைமை மாறிவிட்டது. காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடுகள் வந்தபின், ஆலைகளுக்குப் பெரிதும் தீனி போடுபவை தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வரும் வெளிநாட்டுத் தடிகளும் தோட்டங்களில் வளர்ந்த மரங்களும்தான். 2014 ஏப்ரலில் மியான்மர் தன் காட்டுத் தடிகளின் ஏற்றுமதிக்குத் தடை விதித்த பிறகு, பர்மாத் தேக்கின் இடத்தை ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கத் தேக்கு நிரப்பி வருகிறது.

மரம் எங்கிருந்து வந்தாலும் கணக்கு ஏறத்தாழ ஒன்றுதான். உருண்டையான தடியைச் சதுரமாக்கும்போது, பட்டையோடு சேர்ந்த வளைந்த ஓரங்கள் கழிகின்றன. சதுரத்தைப் பலகையாக்கும்போது, ரம்பத்தின் பல் தன் தடிமன் அளவுக்கு மரத்தைத் தூளாக்குகிறது. நீளம் சரிசெய்யும்போது துண்டுகள் விழுகின்றன. சிறு ஆலைகளில் ஒரு தடியின் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதியே விற்கத்தக்க பலகையாகவும் சட்டமாகவும் வெளிவருகிறது.

ஒரு நாளைக்கு 5 கன மீட்டர் தடி அறுக்கும் ஆலையை எடுத்துக்கொள்வோம். இரண்டரை கன மீட்டர் சரக்காகிறது. ஏறத்தாழ 2 கன மீட்டர் ஓரப் பலகையும் துண்டும். மீதி அரை கன மீட்டருக்குச் சற்று அதிகமான மரம் தூளாகிறது. கட்டையாக இருந்தபோது அரை கன மீட்டராக இருந்தது, தூளானபின் உப்பி 2 கன மீட்டர் இடத்தை அடைக்கும். எடை 400 கிலோ அளவில் இருக்கும். அதாவது நாளொன்றுக்கு இருபது சாக்கு. மழைக்காலத்தில் வாங்குவோர் வராமல் ஒரு மாதம் தேங்கினால் ஐந்நூறு சாக்கு. என் தம்பியின் குவியல் அப்படித்தான் வளர்ந்தது.

உள்ளே வரும் தடிக்கு நம்மிடம் கணக்கு உண்டு. கூடலூர்ப் பகுதியில் காடு அழிக்கப்படுவதை எதிர்த்து, நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, நாடெங்கும் மரம் வெட்டுதலையும் அறுவை ஆலைகளையும் நெறிப்படுத்தியது. அதன் தொடர்ச்சியாக 2016-இல் மத்திய அரசு மரம் சார்ந்த தொழிற்சாலைகளுக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. இவற்றின் நோக்கம் காட்டைக் காப்பது, அது நியாயமானது. ஆனால் ஆலையின் முன்வாசலில் நுழையும் தடியைக் கவனிக்கும் அளவுக்கு, பின்வாசலில் சேரும் தூளையும் துண்டையும் நாம் கவனிப்பதில்லை. பாதி மரம் அங்கேதான் இருக்கிறது.

அது யாருக்கும் வேண்டாததா?

'கழிவு' என்ற சொல்லே நம்மைத் தவறான இடத்துக்கு இட்டுச்செல்கிறது. யாருக்கும் வேண்டாதது என்ற பொருள் அதில் இருக்கிறது. மரவாடிகளின் பின்வாசலில் ஒரு நாள் நின்று பார்த்தவர்களுக்கு உண்மை வேறு என்பது தெரியும்.

என் சிறுவயதில் எங்கள் வீட்டில் மரத்தூள் அடுப்பு இருந்தது. தகர அடுப்பின் நடுவில் ஓர் உருளைக் கட்டையை நிறுத்தி, அதைச் சுற்றித் தூளைக் கெட்டித்து, பின் கட்டையை மெல்ல உருவிவிடுவார் அம்மா. அடியில் ஒரு சுள்ளியைப் பற்றவைத்தால் சோறும் குழம்பும் வெந்து, குளிக்க வெந்நீரும் காயும்வரை அது நின்று எரியும். சனிக்கிழமைதோறும் ஆலைக்குப் போய் இரண்டு சாக்குத் தூள் வாங்கி வருவது என் வேலை. இன்று எரிவாயு உருளை ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் இருக்கிறது. ஆனாலும் உருளையின் விலையைத் தாங்க முடியாத வீடுகளில் புறவாசல் அடுப்பு அணைந்துவிடவில்லை. தம்பியின் ஆலைக்கு இன்றும் பெண்கள் வந்து ஓரப் பலகைகளைச் சுமை கணக்கில் வாங்கிப் போகிறார்கள். புகையடுப்பு அவர்களின் நுரையீரலுக்குக் கேடு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாற்று ஒன்றைக் கொடுக்காமல் விறகை மட்டும் பறிப்பது நலத்திட்டமாகாது.

வாங்குவோர் இன்னும் இருக்கிறார்கள். அம்பாசமுத்திரம் பகுதியில் மரச்சொப்பு கடையும் தொழிலாளி ஒருவர், உள்ளங்கையில் அடங்கும் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துப் போகிறார். நமக்குக் குப்பையாகத் தெரியும் நான்கு அங்குலக் கட்டை அவருடைய கடைசலில் ஏறி, அரக்கு வண்ணம் பூசப்பட்டு, ஒரு குழந்தையின் விளையாட்டு அடுக்களையில் பானையாகிறது. கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர் இழைப்புச் சுருளை வாங்கி, கொட்டகைத் தரையில் ஆழ்கூளமாகப் பரப்புகிறார். கோழிகள் விற்றுப் போனபின் எச்சத்தோடு கலந்த அதே கூளம் வயலுக்கு எருவாகிறது. மீன் சந்தைக்காரர் பனிக்கட்டி உருகாமலிருக்கத் தூள் கேட்கிறார். செங்கல் சூளைக்காரர் தீக்கும் கேட்பார், சில நேரம் மண்ணில் கலக்கவும் கேட்பார். கலந்த தூள் சூளையில் எரிந்துபோனதும் செங்கல் எடை குறைந்து நுண்துளைகளோடு வெளிவரும். ஊதுபத்தி உருட்டுபவர்களுக்குச் சலித்த நயமான தூள் வேண்டும்.

ஆக, அந்தக் குவியல் யாருக்கும் வேண்டாதது அன்று. பலருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வேண்டியது. முகவரின் நிபந்தனை இவர்கள் அனைவரையும் ஒரே கையெழுத்தில் வெளியேற்றிவிடும். புதிய பயன் ஒன்றைக் கண்டுபிடிக்கிறோம் என்று சொல்லும்போதெல்லாம், பழைய பயனாளர் யார் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்டாக வேண்டும். என் தம்பி தயங்கியது அதனால்தான்.

தூள் ஏன் ஊர் தாண்டுவதில்லை?

அப்படியானால் குவியல் ஏன் மிஞ்சியது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாங்குவோர் பலர் இருந்தும் மரத்தூள் தேங்குவதற்கு மூன்று காரணங்கள் உண்டு: பருமன், ஈரம், கலப்படம்.

தளர்வான மரத்தூள் ஒரு கன மீட்டருக்கு 200 கிலோவைத் தாண்டுவது அரிது. 20 கன மீட்டர் கொள்ளும் லாரியில் அதை நிரப்பினால் ஏறுவது 4 டன்தான். வாடகையோ முழு லாரிக்கும் கொடுக்க வேண்டும். முப்பது, நாற்பது கிலோமீட்டரைத் தாண்டினால் சரக்கின் விலையை வண்டி வாடகை விழுங்கிவிடும். மேலும், பெரிய ஆலை எதுவும் 10 டன்னுக்குக் குறைந்து பேசாது. நாளுக்கு 400 கிலோ தூள் விழும் ஆலைக்கு 10 டன் சேர 25 நாள் வேண்டும். இருபத்தைந்து ஆலைகள் சேர்ந்தால் ஒரே நாள் போதும். சிறு ஆலையின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது: அதனிடம் இருப்பது தனக்கு மிக அதிகம், சந்தைக்கு மிகக் குறைவு.

ஈரம் அடுத்தது. அன்று வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். அந்தத் தூளை ஏற்றினால் பாதி லாரித் தண்ணீரையே ஏற்றுகிறோம். எரித்தால் வெப்பத்தின் ஒரு பகுதி அந்த நீரை ஆவியாக்கவே செலவாகும். எரிகட்டியாக அழுத்துவதற்கு ஈரம் 10 முதல் 12 சதவீத அளவுக்கு இறங்க வேண்டும். அப்போது வெப்பத்திலும் அழுத்தத்திலும் மரத்திலுள்ள லிக்னின் இளகி, வேறு பசை எதுவும் இல்லாமலே தூளைப் பிணைத்துவிடும். எனவே ஒரு கூரை, ஒரு சிமெண்ட் தளம், நாலு நாள் வெயில் ஆகியவை மரத்தூளின் விலையைத் தீர்மானிக்கின்றன. மழைக்காலத்தில் வெட்டவெளியில் கிடக்கும் தூளுக்கு எந்தத் தொழில்நுட்பமும் உதவாது.

கலப்படம் மூன்றாவது. கரையான் தாக்காமலிருக்க ஆர்சனிக் கலந்த மருந்தேற்றிய மரமும், ஃபார்மால்டிஹைடு பசையுள்ள ஒட்டுப்பலகைத் துண்டும் நல்ல மரத்தின் தூளோடு கலந்துவிட்டால், அந்தக் குவியல் கோழிக்கும் ஆகாது, மண்ணுக்கும் ஆகாது, அடுப்புக்கும் ஆகாது. ஒரு கூடை நஞ்சு நூறு சாக்கைக் கெடுத்துவிடும்.

மரத்தூளைப் பற்றி உழவர்களிடையே ஒரு மனக்குறை உண்டு: வயலில் போட்டால் பயிர் மஞ்சளாகிவிடுகிறது என்பார்கள். அவர்கள் சொல்வது சரியே. நல்ல மட்கு எருவில் கரிமமும் தழைச்சத்தும் 25-க்கு 1 அல்லது 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். மரத்தூளில் அது பல நூற்றுக்கு ஒன்று. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால் பயிர் பட்டினி கிடக்கிறது. கோழி எருவோடும் சாணத்தோடும் கலந்து, ஈரம் காத்து, மாதக்கணக்கில் மட்க வைத்தால் அதே தூள் நல்ல எருவாகும். பொருளில் குற்றமில்லை, பொறுமையும் கலவையும்தான் தேவை.

எரிப்பது கடைசிப் பயனாக இருக்கட்டும்

இப்போது முகவரிடம் வருவோம். அவர் பின்னால் ஒரு பெரிய கொள்கைக் காற்று வீசுகிறது. அனல் மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 சதவீதம் உயிர்ப்பொருள் எரிகட்டிகளைக் கலந்து எரிக்க வேண்டும் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2021 அக்டோபரில் கொள்கை வகுத்தது. வட மாநிலங்களில் வயலிலேயே கொளுத்தப்படும் வைக்கோலுக்கு வழி காண்பது அதன் முதன்மை நோக்கம். சாயப் பட்டறைகள், தேயிலைத் தொழிற்சாலைகள் போன்றவற்றின் கொதிகலன்களும் விறகையும் எரிகட்டியையும் நாடுகின்றன. தேவை பெருகும்போது எளிதில் கிடைக்கும் மரத்தின் மீது கை நீளும்.

இதில் நன்மை இல்லையென்று சொல்லமாட்டேன். கனன்று புகையும் குவியலைவிட, முறையான கொதிகலனில் எரியும் எரிகட்டி ஆயிரம் மடங்கு மேல். ஆனால் ஒரு மரப்பொருளை எரிப்பது அதன் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் நடக்கும். உலர்ந்த மரத்தின் எடையில் பாதி கரிமம். ஒரு கிலோ மரம் எரிந்தால் ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல் கரியமில வாயு அன்றே வெளியேறுகிறது. அதே ஒரு கிலோ நாற்காலியின் காலாகவோ பலகணியின் சட்டமாகவோ இருந்தால் அந்தக் கரிமம் பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடக்கும். கடைசியில் எரிக்கவும் செய்யலாம். முதலிலேயே எரித்துவிட்டால் மற்ற வாய்ப்புகள் எல்லாம் சாம்பல்தான்.

இதில் ஐரோப்பா கற்ற பாடம் நமக்கு உதவும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள டிராக்ஸ் மின் நிலையம், அரசு மானியத்தின் துணையோடு நிலக்கரியிலிருந்து மரத்தாலான எரிகட்டிக்கு மாறியது. அறுவை ஆலைகளின் மிச்சங்களைப் பயன்படுத்துகிறோம் என்பதே இத்தகைய மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம். ஆனால் அவ்வளவு பெரிய உலைக்கு மிச்சங்கள் மட்டும் போதவில்லை. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலக் காடுகளிலிருந்து உருட்டுத் தடிகளும் எரிகட்டியாகிக் கடல் கடந்து வந்தன; அது இன்றும் கடும் விவாதத்துக்கு உள்ளாகி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் திருத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தில் ஒரு வரிசையை எழுதிச் சேர்த்தது: மரம் முதலில் பொருளாக வேண்டும், அந்தப் பொருளின் ஆயுள் நீட்டிக்கப்பட வேண்டும், பின் மறுபயன்பாடு, அதன்பின் மறுசுழற்சி, எரிபொருள் அதற்கும் பிறகே.

நம் வீடுகளில் இந்த வரிசையை யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் தெரியும். தென்னையின் ஓலை முதலில் கூரைக்கான கீற்றாகி, மழையிலும் வெயிலிலும் நைந்தபின் அடுப்புக்குப் போகும். அது உலர்ந்த கையோடு அடுப்புக்குப் போனால் வீட்டுப் பெரியவர்கள் கண்டிப்பார்கள். அரசின் கொள்கை வீட்டுப் பெரியவர்களின் அறிவுக்குக் குறைந்ததாக இருக்கக் கூடாது.

பொள்ளாச்சியும் காகிதபுரமும்

மிச்சத்தை வளமாக்குவதில் தமிழ்நாட்டுக்கு முன்னனுபவம் இருக்கிறது. பொள்ளாச்சிப் பகுதியில் தென்னை நார் உரித்தபின் மிஞ்சும் நார்க்கழிவு, ஒரு காலத்தில் சாலையோரங்களில் குன்றுகளாகக் கிடந்தது. எளிதில் மட்காது, எரித்தால் புகையும். அதைச் சிப்பிக் காளானின் துணையோடு மட்கவைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பியது. பிறகு, அதைக் கழுவி, உலர்த்தி, கட்டியாக அழுத்தினால் மண்ணில்லா வேளாண்மைக்கு உகந்த ஊடகம் என்று உலகம் கண்டுகொண்டது. இன்று அது கப்பலேறும் சரக்கு. அதே வேளையில், உப்பை நீக்கக் கழுவிய நீர் கிணறுகளைக் கெடுக்கிறது என்ற புகாரும் எழுந்தது. ஒரு கழிவைத் தீர்க்கும் தொழில் இன்னொரு கழிவைப் பிறப்பிக்கலாம் என்பதும் பொள்ளாச்சி தரும் பாடம்தான்.

கரூர் மாவட்டக் காகிதபுரம் தரும் பாடம் இன்னும் நுட்பமானது. 1979-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய செய்தித்தாள் காகித நிறுவனம், கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்ய முற்பட்டது. ஆனால் சக்கை சும்மா கிடக்கவில்லை. சர்க்கரை ஆலைகள் அதைத்தான் தங்கள் கொதிகலன்களில் எரித்துக்கொண்டிருந்தன. எனவே சக்கைக்கு ஈடாக அவற்றுக்கு மாற்று எரிபொருளைத் தரும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தும் பொருளை இன்னும் மேலான பயனுக்கு எடுப்பதென்றால் அவருக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்ற எளிய நியாயம் அங்கே கடைப்பிடிக்கப்பட்டது. சர்க்கரை ஆலைக்குக் கிடைத்த அந்த நியாயம், புறவாசலில் சாக்கோடு நிற்கும் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டாமா?

செய்யத்தக்கவை

முதலாவது, குறைத்தல். ரம்பம் தின்னும் தடிமனைக் கவனித்தாலே பெரும் மாற்றம் வரும். 25 மில்லிமீட்டர் பலகை அறுக்கும்போது 6 மில்லிமீட்டர் தின்னும் வட்ட ரம்பம் மரத்தில் 19 சதவீதத்தைத் தூளாக்குகிறது. 3 மில்லிமீட்டர் தின்னும் நாடா ரம்பத்தில் அது 11 சதவீதம். நல்ல நாடா ரம்பத்துக்கும் அதைத் தீட்டும் கருவிக்கும் தரப்படும் கடனுதவி, தூளுக்குப் பயன் தேடும் எந்தத் திட்டத்தையும்விட முந்தியது. விற்கத்தக்க பலகையைத் தூளாக்கிவிட்டு அந்தத் தூளுக்குச் சந்தை தேடுவது, மாட்டை விற்றுவிட்டுச் சாணம் தேடுவது போலாகும்.

இரண்டாவது, பிரித்தல். கையில் பிடிக்கத்தக்க துண்டுகள் ஒருபுறம், சுத்தமான தூளும் இழைப்புச் சுருளும் ஒருபுறம், பட்டையும் அழுக்கும் ஈரத்தூளும் ஒருபுறம், மருந்தேற்றிய மரமும் ஒட்டுப்பலகையும் தனியே என்று நான்கு இடங்கள் போதும். இதற்கு இயந்திரம் வேண்டாம். சுவரும் கூரையும் பழக்கமும் வேண்டும்.

மூன்றாவது, சேர்த்தல். மரத்தொழில் செறிந்த ஊர்களில் ஆலைகளுக்குப் பொதுவான ஒரு முற்றம் அமைய வேண்டும். உலர்த்தும் தளம், சல்லடை, சில்லாக்கும் இயந்திரம், மூடிய கிடங்கு, எடைமேடை ஆகியவை அங்கே இருக்கட்டும். குறு, சிறு நிறுவனங்களின் தொழிற்குழுமங்களுக்குப் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. புதிய சட்டம் தேவையில்லை. ஆலை உரிமையாளர்களை ஒன்றுசேர்த்து விண்ணப்பம் போடவைக்கும் மாவட்டத் தொழில் மையத்தின் முனைப்புதான் தேவை.

நான்காவது, வரிசை. எரிகட்டி ஆலைகளுக்கு அரசு மானியமோ கடனுதவியோ அளிக்கும்போது, பொருளாகப் பயன்படக்கூடிய துண்டுகளை எரிக்கக் கூடாது என்றும், பிறர்க்கு விற்கக் கூடாதென்ற ஒப்பந்தங்கள் செல்லாது என்றும் நிபந்தனை விதிக்கலாம். கடைசல் தொழிலாளி, கோழிப் பண்ணையாளர், காளான் வளர்ப்போர், ஊதுபத்திக் குழுக்கள் ஆகியோர் தேவைக்கு எடுத்தபின் மிஞ்சுவதும், பட்டையும் அழுக்கும் எரிகட்டியாகட்டும். அதுவும் நிறையவே இருக்கும்.

ஐந்தாவது, தொழிலாளியின் மூச்சு. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே சேர்த்துவிட்டது. காற்றில் பறக்கும் நுண்தூள் தீப்பொறி பட்டால் வெடிக்கவும் செய்யும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012-இல் மூன்று மாத இடைவெளியில் இரண்டு அறுவை ஆலைகள் அப்படி வெடித்து நால்வர் மாண்டனர். ரம்பத்தின் வாயிலேயே தூளை உறிஞ்சிப் பையில் சேர்க்கும் கருவி, தொழிலாளியைக் காக்கும். தூளும் உலர்ந்து, சுத்தமாக, விற்பதற்கு ஏற்றதாகக் கிடைக்கும். உடல்நலமும் வருவாயும் ஒரே திசையில் நிற்கும் அரிய இடம் இது.

இவற்றுக்கெல்லாம் இப்போது என்ன அவசரம் என்று எண்ணலாம். 2022-இல் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வனம் மற்றும் மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்தும் இலக்கோடு இயங்குகிறது. உழவர்கள் தேக்கும் மகோகனியும் மலைவேம்பும் நடுகிறார்கள். சில ஆண்டுகளில் அவை அறுவைக்கு வரும். பெரும்பாலும் சிறு சுற்றளவுத் தடிகளாக. சிறிய தடியில் பலகை குறைவு, ஓரமும் தூளும் அதிகம். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்தபோது, விழுந்த மரத்தை அறுக்கவும் வாங்கவும் போதிய ஏற்பாடு இல்லாமல், அகற்றுவதே உழவருக்குச் செலவானது. மரம் இருந்தும் அதைப் பயனாக்கும் அமைப்பு இல்லாதபோது என்ன நேரும் என்பதை அன்று கண்டோம். நடுவதற்குத் திட்டம் தீட்டும் அரசு, அறுத்தபின் மிஞ்சுவதற்கும் திட்டம் தீட்ட வேண்டிய காலம் இது.

என் தம்பி என்ன செய்தான் என்று சொல்லாமல் முடிப்பது முறையன்று. புகைந்த குவியலை அவன் அந்த முகவருக்கே விற்றான். அதற்கு வேறு பயன் இருக்கவில்லை. ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. பட்டையும் ஈரத்தூளும் மட்டும் தருவதாகச் சொன்னதற்கு, குறைந்த விலையில் முகவர் ஒப்புக்கொண்டார். பழைய தகரங்களைக் கொண்டு ஒரு கொட்டகை போட்டு, தூளையும் துண்டையும் தனித்தனியே வைக்கத் தொடங்கியிருக்கிறான். கணக்குப் பார்த்தால், எல்லாவற்றையும் முகவருக்கே கொடுத்திருந்தால் வந்திருக்கக்கூடிய தொகையைவிட இப்போது மாதம் சற்றுக் குறைவாகவே வருகிறது. எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பான் என்று எனக்குத் தெரியாது. அந்த வித்தியாசத்தைத் தனியொரு சிறு ஆலைக்காரனின் நல்லெண்ணத்தின் மீது சுமத்துவது நியாயமும் அன்று, நிலைக்கக்கூடியதும் அன்று.

தமிழில் 'மிச்சம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. எஞ்சியது என்பது ஒன்று. சேமித்தது என்பது மற்றொன்று. முதல் பொருளில் மிச்சமாகக் கிடப்பதை இரண்டாவது பொருளில் மிச்சமாக்குவதற்கு ஒரு கூரையும், ஒரு முற்றமும், எது முதலில் எது கடைசியில் என்ற தெளிவும் வேண்டும். கூரையை என் தம்பி போட்டுவிட்டான். மற்ற இரண்டும் அரசின் கையில் இருக்கின்றன.